ரேகை விழாத கைக்கு யாருங்க பதில் சொல்றது?

களத்துமேடு:

போன வாரம் எங்கள் அப்பத்தாளைக் கூட்டிக்கொண்டு ரேஷன் கடைக்குப் போனேன். அப்பத்தாளுக்கு 78 வயது. அப்பாரு, அதாவது தாத்தா, போனபிறகு அட்டையில் அவர் ஒருத்தர் பெயர்தான் இருக்கிறது. நாற்பது வருசம் கொப்பரைக் களத்தில் தேங்காய் உடைத்து, கொட்டாங்குச்சியிலிருந்து பருப்பு தோண்டிய கை. பெருவிரலைத் தொட்டுப் பார்த்தால் கூழாங்கல் மாதிரி வழுவழுவென்று இருக்கும்.

விற்பனையாளர் நல்ல மனுசன், அவரைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. வலது பெருவிரலை வைக்கச் சொன்னார். சிவப்பு விளக்கு. முந்தானையில் துடைத்துவிட்டு மறுபடி வைத்தார். சிவப்பு. இடது பெருவிரல், ஆள்காட்டி விரல், அப்புறம் கடைப்பையன் ஒரு சொட்டு தேங்காய் எண்ணெய் தடவிவிட்டான். அதுவும் இல்லை. கருவிழி பார்க்கும் கருவியை எடுத்தார். அப்பத்தாளுக்கு இடது கண்ணில் புரை. வலது கண்ணுக்குக் காட்டும்போது இணைப்பு போய்விட்டது. பின்னால் இருபது பேர் வரிசை. "ஆத்தா, நாளைக்கு வெடியால வாங்க, கூட்டமில்லாம இருக்கும்" என்றார்.

அப்பத்தாள் பையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு படியிறங்கும்போது கேட்டார்: "ஏன் கண்ணு, என்ற கையே என்னைய நானில்லீங்குதா?"

அரசியல் பேசும் இழையில் இதை ஏன் போடுகிறேன் என்றால், இதுதான் அரசியல் என்று எனக்குப் படுகிறது. எல்லாத்தையும் ஆன்லைன் ஆக்கினோம் என்று எல்லாக் கட்சியும் மேடையில் சொல்கிறது. கருவி 'இல்லை' என்று சொன்னால் அதற்கு யார் பதில் சொல்வது? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.

நாடாத்தறி:

தம்பி, அப்பத்தா சொன்னது மனசைப் பிசையுது. இருந்தாலும் எதிர்ப்பக்கமும் யாராவது பேச வேண்டுமே, நான் பேசுகிறேன்.

எட்டுத் தறி வைத்திருக்கிறேன், கூலிக்கு ஓட்டுகிறேன். கம்ப்யூட்டர் வராத காலத்தையும் பார்த்தவன். கரண்ட் பில் கட்ட அரை நாள் போகும். சில்லறை இல்லை என்பார்கள், பேரேட்டைக் காணோம் என்பார்கள். இன்றைக்குத் தறி ஓடுகிற சத்தத்திலேயே நின்று செல்போனில் கட்டுகிறேன். விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 750 யூனிட் இலவசம் என்று இருந்ததை 2023-ல் 1000 ஆக்கினார்கள். பில்லிலேயே கழிந்து வருகிறது. இதற்காக யாருக்கும் ஒரு டீ கூட வாங்கிக் கொடுத்ததில்லை.

வில்லங்கச் சான்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். முன்பு மனுப் போட்டுவிட்டு, எழுதுகிறவர் பின்னால் மூன்று நாள் நடக்க வேண்டும். இப்போது வீட்டில் உட்கார்ந்து இலவசமாகப் பார்க்கலாம். போன வருசம் மச்சான் ஒரு இடம் வாங்கப் போனார், முன்பணம் கொடுக்கிற அன்றைக்கு காலையில் சும்மா தட்டிப் பார்த்தால் அதன் மேல் அடமானம் நிற்கிறது. தப்பித்தார்.

மனுசனிடம் மாட்டுவதைவிட மிஷினிடம் மாட்டுவது மேல். மிஷின் காசு கேட்காது, எந்தத் தெரு, யார் மகன் என்று கேட்காது.

கொடிவேரி_கெண்டை:

மிஷின் காசு கேட்காதுங்க. மிஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவர் கேட்பார். பட்டா மாறுதலுக்கு இ-சேவையில் கட்டணம் 60 ரூபாய்தான். உட்பிரிவு என்றால் அளக்க ஆள் வந்தாக வேண்டும். 'நிலுவையில் உள்ளது' என்று நாலு மாதம் திரையில் நின்றதும், ஒருத்தரைப் 'பார்த்த' மறுநாளே நகர்ந்ததும் எங்கள் வீட்டுக் கதை. எந்த அலுவலகம் என்று கேட்காதீர்கள், இன்னும் ஒரு மனு அங்கே இருக்கிறது.

சாய்பாபாகாலனி_நிரலர்:

நான் கோவையில் மென்பொருள் வேலை செய்கிறேன். களத்துமேடு சொன்னதில் உள்ளே நடப்பது என்ன என்று சொல்கிறேன்.

விரலை வைத்ததும் கருவி அதைப் பூட்டிய பொட்டலமாக்கி ஆதார் ஆணையத்துக்கு அனுப்புகிறது. அங்கிருந்து வருவது 'ஆம்' அல்லது 'இல்லை', அவ்வளவுதான். இல்லை என்றால் கூடவே ஒரு எண் வரும். 300 என்றால் ரேகை பொருந்தவில்லை. 330 என்றால் அட்டைக்காரரே தன் ரேகையைப் பூட்டி வைத்திருக்கிறார். விற்பனையாளர் கையில் கிடைப்பது அந்த எண் மட்டும். முப்பது வருசமாகப் பார்த்துப் பழகிய அப்பத்தாள் எதிரே நிற்கிறார் என்பது அவருக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய? 'எனக்கு இவரைத் தெரியும்' என்று அழுத்த அந்தத் திரையில் பொத்தான் கிடையாது.

இதில் என் பங்கும் உண்டு. நான் வேலை செய்த ஒரு செயலியில் (எது என்று சொல்ல மாட்டேன்) எல்லாம் சரியாக நடந்தால் என்ன காட்டுவது என்று முப்பது திரை வரைந்தோம். அதற்குக் கூட்டம் கூட்டமாகப் பேசினோம். நடக்காவிட்டால் என்ன காட்டுவது? 'மீண்டும் முயற்சிக்கவும்'. அந்த வரியை எழுதியவன் நான்தான். மதியச் சாப்பாட்டுக்குக் கிளம்புகிற அவசரத்தில் எழுதினேன்.

சட்டம் இவ்வளவு கல்மனசு இல்லை. 2018 செப்டம்பர் 26 அன்று ஆதார் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளில் நால்வர், மானியத் திட்டங்களுக்கு ஆதார் கேட்கலாம் என்றார்கள். ரேகை பொருந்தவில்லை என்பதைக் காரணம் காட்டி உரியவருக்கு மறுக்கக் கூடாது என்பதும் அதே தீர்ப்பில் இருக்கிறது. அது தீர்ப்பில் இருக்கிறது, திரையில் இல்லை.

களத்துமேடு, ஒன்று கேட்கிறேன். கடைக்கு வர முடியாதவர்களுக்குப் பதிலாக வேறொருவரை நியமிக்கும் படிவம் உண்டு. 2025 ஆகஸ்டில் 70 வயது தாண்டியவர்களுக்கு வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து தரும் தாயுமானவர் திட்டமும் வந்ததே?

களத்துமேடு:

தெரியும்ங்க. வாசலுக்கு வரும் வண்டியிலும் தராசோடு அதே கருவிதான் வருகிறது. படிவத்தையும் வாங்கி வந்தேன். அப்பத்தாள் கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறார். "நடக்கறதுக்குக் காலு இருக்குது. என்ற அரிசிய நான் போயி வாங்கறேன், உனக்கென்ன?" என்று கேட்கிறார். மாதம் ஒருமுறை கடை வாசலில் நாலு பேரைப் பார்த்துப் பேசுவதும் அவருக்கு அரிசி மாதிரிதான்.

வாய்க்கால்_வாத்தியார்:

தம்பிகளே, நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியன். கீழ்பவானி வாய்க்கால் பாசனத்தில் நாலு ஏக்கர் பண்ணையம். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாடாத்தறி சொல்வதில் உண்மை இருக்கிறது. ஆனால் கம்ப்யூட்டர் தானாக எதையும் கண்டுபிடிப்பதில்லை. நாம் எழுதி வைத்ததைத்தான் திருப்பிக் காட்டுகிறது. 1979-ல் தொடங்கி 1987 வரை நில உடைமை மேம்பாட்டுத் திட்டம் என்று ஒன்று நடந்தது. யு.டி.ஆர். என்றால்தான் எங்கள் பக்கம் தெரியும். அப்போது ஊர் ஊராக உட்கார்ந்து பதிவேடுகளைப் புதிதாக எழுதினார்கள். எங்கள் அப்பாவின் பெயர் குழந்தையப்பன். எழுதியவர் என்ன நினைப்பில் இருந்தாரோ, குழந்தைவேல் என்று எழுதிவிட்டார். காகிதத்தில் இருந்தவரை அது பெரிய தொந்தரவாக இல்லை. கிராம நிர்வாக அலுவலர் ஊர்க்காரர், 'அது உங்கப்பன்தானுங்க' என்று சான்று எழுதித் தருவார். பட்டா இணையத்துக்கு வந்தபோது குழந்தைவேலும் சேர்ந்து வந்துவிட்டார். நடுராத்திரியில் தட்டிப் பார்த்தாலும் ஒரு எழுத்துப் பிசகாமல் இருக்கிறார். அவரை இறக்கிவிட்டு எங்கப்பாவை ஏற்ற, தாசில்தார், ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்), டி.ஆர்.ஓ. (மாவட்ட வருவாய் அலுவலர்) என்று ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறேன். இறந்துபோன எங்கப்பாவுக்கு வந்த சோதனை.

வருசத்துக்கு 6000 ரூபாய் தரும் விவசாயிகள் உதவித்தொகையிலும் இதே சங்கடம். 2020-ல் தமிழ்நாட்டின் பல மாவட்டங்களில் குழி நிலம்கூட இல்லாதவர்கள் பெயரை இடைத்தரகர்கள் ஏற்றிப் பணம் எடுத்தது வெளியே வந்தது. அதற்குப் பிறகு சரிபார்ப்பு மேல் சரிபார்ப்பு. போன வருசம் விவசாயிக்கென்று தனி அடையாள எண் வேறு. திருடினவன் ஒருத்தன், சோதனை கொடுக்கிறவன் நான்.

இன்னொன்று. நாராயணசாமி நாயுடுவை இந்தத் தலைமுறைக்குத் தெரியுமோ என்னவோ. கோவை வையம்பாளையத்துக்காரர், விவசாயிகள் சங்கத் தலைவர். 1970-ல் மின்கட்டணத்தில் யூனிட்டுக்கு ஒரு பைசா ஏற்றியதை எதிர்த்து எழுந்த போராட்டத்தில், பெருமாநல்லூர் துப்பாக்கிச் சூட்டில் மூன்று விவசாயிகள் செத்தார்கள். 1972-ல் கட்டைவண்டிகளைக் கொண்டுபோய் கோவையை அடைத்தார்கள். நான் அப்போது பள்ளிக்கூடத்துப் பையன். அப்பா வெடியக்காலத்தில் மாட்டுக்குத் தண்ணி காட்டி, வண்டியில் வைக்கோலும் ஒரு தூக்குப் போசியில் பழைய சோறும் வைத்துக்கொண்டு போனது கண்ணிலேயே நிற்கிறது. விவசாயிகள் எல்லோருக்கும் இலவச மின்சாரம் 1990-ல் வந்ததென்றால் அந்த வண்டிகளுக்கும் அதில் பங்கு உண்டு.

அன்றைக்கு வண்டியை எங்கே நிறுத்துவது என்று தெரிந்தது. இப்போது எங்கே நிறுத்துவது? அந்த சர்வர் எந்த ஊரில் இருக்கிறது தம்பி?

சாய்பாபாகாலனி_நிரலர்:

ஐயா, ஆதாருக்கு ஒன்று பெங்களூரு, இன்னொன்று ஹரியானாவில் மானேசர். கட்டைவண்டிக்குக் கொஞ்சம் தூரம்ங்க.

நேர்மையான_குடிமகன்:

இதெல்லாம் இந்த ஆட்சி செய்கிற கூத்து. அடுத்த தேர்தலில் தெரியும்.

நெறியாளர்:

கட்சிச் சண்டைக்கு வேறு இழை இருக்கிறது. போகிற போக்கில் ஒரு கணக்கு மட்டும். ஆதார் ஆணையம் 2009-ல் காங்கிரஸ் கூட்டணி ஆட்சியில் வந்தது. அதற்குச் சட்டம் 2016-ல் பா.ஜ.க. ஆட்சியில். நம்மூரில் ஸ்மார்ட் குடும்ப அட்டை 2017-லும், ரேஷன் கடையில் விரல் ரேகை 2020 அக்டோபரிலும் அ.தி.மு.க. ஆட்சியில். கருவிழிக் கருவி தி.மு.க. ஆட்சியில். இதில் எந்தக் கட்சிக்காரர் யாரைத் திட்டுவது என்று முடிவு செய்துகொண்டு வாருங்கள்.

ஓவர்லாக்_அக்கா:

நான் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் அடிக்கிறேன். எழுத்துப் பிழை இருந்தால் மன்னிக்கணும்.

எனக்கு நடந்தது வேற மாதிரி. மகளிர் உரிமைத்தொகைக்கு 2023-ல் எழுதிப் போட்டேன். செப்டம்பர் 15 பணம் ஏறுதுன்னு சொன்னாங்க. பக்கத்து மிஷின் அக்காவுக்கு 'டிங்'குன்னு செய்தி வந்தது. கட்டிங் மேசையில இருந்தவங்களுக்கு வந்தது. எனக்கு மட்டும் விண்ணப்பம் ஏற்கப்படவில்லைன்னு வந்தது. ஏன்னு பார்த்தா, வருசத்துக்கு 3600 யூனிட்டுக்கு மேல் கரண்ட் செலவாம்.

நாங்க இருக்கிறது லைன் வீடு. ஆறு குடித்தனம், ஒரே மீட்டர், அது ஓனர் பேரில். எங்களுக்கெல்லாம் சப்-மீட்டர்தான். படிவத்தில மின் இணைப்பு எண் கேட்டாங்க, நான் சுவத்தில் இருந்த அந்த எண்ணை எழுதிட்டேன். ஆறு வீட்டு கரண்டையும் நான் ஒருத்தியே எரிச்சதா கணக்கு. எங்க வீட்டில் ஒரு ஃபேன், ரெண்டு லைட்டு, ஒரு மிக்சி.

ஆனா இதுல முப்பது நாளுக்குள்ள ஆர்.டி.ஓ.வுக்கு மேல்முறையீடு பண்ணலாம்னு வழி வச்சிருந்தாங்க. இ-சேவை மையத்தில் போய்ப் போட்டேன். ஒரு நாள் சாயங்காலம் கிராம நிர்வாக அலுவலர் வந்தார். செருப்பைக் கழட்டிட்டு வாசப்படியில் நின்னு உள்ளே எட்டிப் பார்த்தார், பின்னால போய் ஆறு சப்-மீட்டரையும் எண்ணினார், சிரிச்சுட்டு எழுதிட்டுப் போனார். பணம் வந்துடுச்சு.

அந்த ஆயிரம் நேரா என் கணக்குக்கு வருது. வீட்டுக்காரர் கைக்குப் போகாம வருது. அதனால மிஷினே வேண்டாம்னு நான் சொல்ல மாட்டேன். காரணத்தைச் சொல்லுச்சு, எங்க போய்க் கேக்கணும்னும் சொல்லுச்சு. அப்புறம் ஒரு ஆள் வந்து பார்த்தார். களத்துமேடு தம்பியோட அப்பத்தாவுக்கு அந்த ஆள் யாருன்னுதான் எனக்குத் தெரியலை.

நாடாத்தறி:

அக்கா கணக்கைத் தீர்த்துவிட்டார். நான் முதலில் சொன்னதில் பாதியைத் திரும்பப் பெறுகிறேன்.

மீதிப் பாதியும் ஆட ஆரம்பித்துவிட்டது. அரசாங்கம் எதை ஆன்லைன் ஆக்குகிறது என்று யோசித்துப் பார்த்தேன். ஜி.எஸ்.டி. 2017 ஜூலை 1 முதல், சரக்கு வண்டிக்கு இ-வே பில் 2018 ஏப்ரல் முதல். பாவு நூல் ஏற்றிய வண்டி எந்தச் சாலையில் போகிறது என்பதுவரை அவர்களுக்குத் தெரியும். சரி. எங்களுக்குத் துணிக்கு மீட்டர் கணக்கில் கூலி. அதை ஏற்றித் தரச் சொல்லி 2022-லும் 2025-லும் வாரக்கணக்கில் தறியை நிறுத்திப் போட்டோம். பேச்சுவார்த்தை நடக்கும், மேசை மேல் தாள் இருக்கும், கையெழுத்து ஆகும். அப்புறம் பழைய கூலிதான். ஒத்துக்கொண்ட கூலி எந்தத் தறிக்கு வந்தது, எதற்கு வரவில்லை என்று காட்ட ஒரு செயலி உண்டா? நூறு ரூபாய் வரி பாக்கி என்றால் இரவு பதினோரு மணிக்குச் செய்தி வருகிறது. எனக்கு வரவேண்டிய கூலி பாக்கிக்கு எந்தத் திரையும் இல்லை.

கொடிவேரி_கெண்டை:

அடுத்தது செயற்கை நுண்ணறிவாம். மனுப் போட்டால் அதுவே பதில் எழுதிவிடுமாம். இப்போதே மனிதர்கள் எழுதுகிற பதில் அப்படித்தான் இருக்கிறது. ரோட்டில் குழி என்று நான் போட்ட புகாருக்கு 'நடவடிக்கை எடுக்கப்பட்டு மனு முடித்து வைக்கப்பட்டது' என்று வந்தது. குழியை அல்ல, மனுவைத்தான் மூடியிருக்கிறார்கள். திங்கள்கிழமை கலெக்டர் ஆபீசில் குறைதீர் கூட்டத்துக்கு மஞ்சள் பையோடு போகிற பெரியவர்களை நான் கிண்டல் செய்ததுண்டு. இப்போது செய்வதில்லை. அங்கே முகத்தைப் பார்த்து ஒருத்தர் வாங்கிக்கொள்கிறார்.

குளத்தங்கரை:

எல்லோரும் திட்டிக்கொண்டே இருப்பதால் ஒரு நல்ல செய்தி. அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் 2024 ஆகஸ்ட் 17-ல் தொடங்கியது. பவானியில் காளிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே தண்ணீரை எடுத்து, ஆறு இடத்தில் ஏற்றி, 1045 குளம் குட்டைக்குக் குழாயில் அனுப்புகிறார்கள். 1.5 டி.எம்.சி. எங்கள் தாத்தா காலத்துக் கோரிக்கை. மேட்டில் இருக்கிற குட்டைக்கும் கடைசியில் இருக்கிற குட்டைக்கும் இவ்வளவு என்று அளந்து விடுவது கருவி இல்லாமல் ஆகிற காரியம் இல்லை. ஆள் வைத்துத் திறந்தால் முதல் நாலு ஊரே குடித்துவிடும். எங்கள் குட்டையில் குழாய் வாயில் தண்ணீர் கொப்பளித்த அன்றைக்குப் பெண்கள் தேங்காய் உடைத்து மஞ்சள் தெளித்தார்கள்.

தண்ணீர் வந்ததா இல்லையா என்று நாங்கள் செல்போனில் பார்ப்பதில்லை. மதகுக் கல்லில் எவ்வளவு நனைந்திருக்கிறது என்று ஆடு மேய்க்கிற பையனும் சொல்வான். கருவி சொல்வதும் கல் சொல்வதும் ஒத்துப்போகிறதா என்று ஊரே பார்க்க முடிகிறது. ரேஷன் கருவியில் அந்தக் கல் இல்லை, அதுதான் வித்தியாசம் என்று நினைக்கிறேன்.

சாய்பாபாகாலனி_நிரலர்:

குளத்தங்கரை அண்ணா சொன்ன கல்லை நான் எடுத்துக்கொள்கிறேன். எங்கள் குழுவில் வரும் வாரம் ஒரு புதுச் செயலிக்கு வரைவு ஆரம்பிக்கிறது. 'மீண்டும் முயற்சிக்கவும்' என்று வருகிற இடத்திலெல்லாம் எந்த அலுவலரிடம் போக வேண்டும், எத்தனை நாளில் பதில் வரும் என்று இரண்டு வரி சேர்க்கச் சொல்லப் போகிறேன். மேலாளர் 'அது ஒப்பந்தத்தில் இல்லையே' என்பார். பார்க்கலாம்.

களத்துமேடு, ஆதார் மையத்தில் ரேகையைப் புதுப்பித்துப் பாருங்கள். கட்டணம் இப்போது 125 ரூபாய். பத்து விரலும் எடுப்பார்கள், எந்த விரல் தெளிவாக விழுகிறது என்று அவர்களிடமே கேட்டு வையுங்கள்.

களத்துமேடு:

நேற்று போய் வந்தோம். டோக்கன் 41. மூன்று மணி நேரம். அங்கே இருந்த பெண் அப்பத்தாளின் கையைப் பிடித்து, வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்ச நேரம் ஊறவைத்து, துடைத்து, ஒவ்வொரு விரலாக அழுத்திப் பார்த்தது. எட்டு விரலில் ஒன்றும் இல்லை. இடது கை மோதிர விரலில் ஓரளவு இருக்கிறதாம், சுண்டு விரலில் கொஞ்சம். தேங்காய் பிடிக்கிற கை இடது, அந்த இரண்டு விரலுக்கும் தேய்கிற வேலை குறைவு போலிருக்கிறது. "உன்ற தாத்தன் மோதிரம் போட்ட விரலு. அதாவது தேயாம இருக்குதே" என்றார் அப்பத்தாள். அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

கடைக்காரர் போன் செய்தார், பாமாயில் வந்திருக்கிறதாம். சனிக்கிழமை வெடியால போகிறோம். மோதிர விரலில் என்ன வருகிறது என்று வந்து எழுதுகிறேன். 300 வந்தால் அக்கா செய்த மாதிரி எழுத்தில் மனுப் போட வேண்டும். வாத்தியார் ஐயா, மனு வாசகத்தை நீங்கள் எழுதிக் கொடுத்தால் நல்லது, என் தமிழ் போதாது.

வாய்க்கால்_வாத்தியார்:

எழுதித் தருகிறேன் தம்பி. அப்பத்தாளின் முழுப் பெயரை அட்டையில் உள்ளபடி ஒரு எழுத்து விடாமல் தனிச்செய்தியில் அனுப்புங்கள். எங்கப்பாவுக்கு ஆனது போல் ஆகிவிடக் கூடாது.